மஞ்சள் பனியன்

ஒரே பனியன் மூன்று வீட்டுக் கொடியில் காய்ந்தால் எவளுக்குத்தான் சந்தேகம் வராது? மாலதிக்கு வந்தது. வந்ததோடு நிற்காமல், அடுப்பில் வைத்த பால் மாதிரி பொங்கிக்கொண்டே இருந்தது.

முதலில் அதைப் பிலோமி வீட்டுக் கொடியில் பார்த்தாள். நல்ல மஞ்சள், நெஞ்சில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து, கழுத்துப்பட்டிக்குக் கீழே பிளீச்சிங் பவுடர் பட்டது போல வெளுத்த திட்டு. பிலோமியின் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான், லீவில் வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். ரெண்டொரு நாளில் அதே பனியன் தபித்தாள் வீட்டுக் கொடியில் தொங்கியது. திருப்பூரில் ஒரே மாதிரி ஆயிரம் பனியன் தைப்பார்கள்தான், ஆனால் ஆயிரத்துக்கும் ஒரே இடத்திலா வெளுக்கும்? அப்புறம் ஒரு நாள் அது பேச்சியக்கா வீட்டு வாசல் கொடியில் ஈரம் சொட்டிக்கொண்டு கிடந்தது. பேச்சியக்காவுக்குப் பேரன் எடுக்கிற வயசு!

“அட கருமமே!” என்று மாலதி வாய்விட்டே சொன்னாள்.

மூன்று வீட்டிலும் ஆண்பிள்ளை கிடையாது. கல்லுமட்டம் லைனில் முக்கால்வாசி வீடுகள் அப்போது அப்படித்தான் கிடந்தன. தேயிலைக் கொழுந்து விலை பாதாளத்துக்குப் போனதும் எஸ்டேட்காரர் ஃபேக்டரிக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். சம்பளமும் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. தொழிலாளிகளுக்கென்று கட்டிய அந்த வீட்டு வரிசையை மட்டும் அவர் எடுத்துப்போக முடியவில்லை, அதனால் ஜனங்கள் அதிலேயே இருந்தார்கள். ஆண்கள் திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். பெண்கள் கேட்பாரற்றுக் கிடந்த எஸ்டேட் செடியில் கொழுந்து எடுத்து, வந்த விலைக்கு ஏஜெண்டிடம் போட்டு, உலை வைத்தார்கள். சட்டப்படி பார்த்தால் அது திருட்டு. வயிற்றுப்படி பார்த்தால் சோறு.

மாலதியின் புருஷன் ஒச்சப்பன் மட்டும் திருப்பூர் போகவில்லை. எஸ்டேட்டில் வாச்சராக இருந்தவன். தடியும் விசிலும் இன்னும் அவனிடமே இருந்தன. ஐப்பசி பிறந்த புதிதில் ஸ்டேஷனிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் வந்து, காலையில் ஆள் கணக்கெடுத்து மஸ்டர் போடுகிற மைதானத்தில் கூட்டம் நடத்தினார். “இது உங்க ஊரு. எதுக்கு மொதல்ல போலீஸ் வரணும்னு நீங்கதான் சொல்லணும். நாங்களா முடிவு பண்ண மாட்டோம்” என்றார். நல்ல மனுஷர். ஆனால் ஜனம் வாயைத் திறக்கவில்லை. ஒச்சப்பன்தான் எழுந்தான்.

“வெளியாளுகதானுங்க அய்யா. ஃபேக்டரில செம்புக் கம்பியெல்லாம் உருவிட்டுப் போயிட்டானுக. இங்க பூராப் பொம்பளைங்க தனியா இருக்காங்க. எதாவது ஒண்ணுன்னா யாருங்க பதில் சொல்றது?”

அன்றைக்கே காவல் குழு என்று ஒன்று உண்டானது. ஒச்சப்பன் தலைவர். பேருக்கு இரண்டு கிழவர்கள் கூட. ஆண்பிள்ளை இல்லாத வீடுகளில் பொழுது சாய்வதற்குள் ஒரு தடவை தடியால் கதவைத் தட்டி, எல்லாம் சரியா என்று கேட்டுவிட்டு வர வேண்டும் என்று அவனே ஒரு ஏற்பாடும் வைத்தான். சப்-இன்ஸ்பெக்டருக்கு அது பிடித்துப் போயிற்று. அடுத்த மாதக் கூட்டத்தில் போலீஸ் முத்திரை போட்ட அட்டை தருகிறேன், ஊரும் திருப்தி என்று சொன்னால் கோத்தகிரியில் ஒரு பேங்குக்குக் காவலாள் கேட்கிறார்கள், உன் பெயரைச் சொல்கிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பேங்க் வேலை! மாலதி அன்றிரவு தூங்கவில்லை. மேட்டுப்பாளையத்தில் ஹாஸ்டலில் தங்கி ப்ளஸ் டூ படிக்கிற மகளை மூட்டையைக் கட்டிக்கொண்டு வரச்சொல்லும் நிலைமை வந்திருந்தது. இந்த வேலை கிடைத்தால் அவள் பரீட்சை எழுதிவிடுவாள். மாலதிக்கு உலகத்தில் வேறு எந்த ஆசையும் அப்போது இல்லை.

அதனால்தான் மஞ்சள் பனியன் அவள் கண்ணை விட்டு அகலவில்லை. எவனோ ஒரு வெளியாள் லைனுக்குள் வந்து வீடு மாற்றி வீடு பதுங்கிக்கொண்டிருக்கிறான். செம்புக் கம்பி உருவினவனாகவே இருக்கலாம். இந்தப் பெண்கள் அவனுக்குச் சோறு போட்டுத் துணியும் துவைத்துப் போடுகிறார்கள். அவனை ஒச்சப்பன் கையால் பிடித்துக் கொடுத்தால் பேங்க் வேலை எங்கே போய்விடும்?

குழாயடியில் பிலோமியைப் பிடித்தாள்.

“ஏம்மிணி, மஞ்சப் பனியன் ஒண்ணு உங்க கொடில கெடந்துச்சே, யாருது?”

பிலோமி குடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “எங்க ஊட்டுக்காரரோடதுங்கக்கா. வந்துட்டு ஒடனே போயிட்டாரு.”

“நான் பாக்கவே இல்லியே?”

“லீவு இல்லீங்க அவருக்கு.”

குடம் பாதிதான் நிறைந்திருந்தது. அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பிலோமி நடையைக் கட்டினாள். பின்னால் நின்ற பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். மாலதி வந்தால் குழாயடியே பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் வந்த மாதிரி அடங்கிவிடுகிறது. எல்லாரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்களே! மாலதிக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

பஸ் நிற்கிற இடத்தில் வேலாமணி டீக்கடை வைத்திருந்தார். கல்லுமட்டத்துக்கு யார் இறங்கினாலும் அவர் கண்ணில் படாமல் போக முடியாது. மாலதி போய்க் கேட்டாள்.

“பிலோமி ஊட்டுக்காரனா? அவன் தீவாளிக்கே வரல அம்மிணி. தபித்தாளு புருசனும் வரல. ஏன், என்ன சமாச்சாரம்?”

“சும்மா கேட்டேனுங்க” என்று மாலதி சொல்லிவிட்டு, சும்மா இல்லாத வேகத்தில் வீட்டுக்கு வந்தாள்.

ஒச்சப்பன் அடுப்படியில் உட்கார்ந்து கையைச் சூடு காட்டிக்கொண்டிருந்தான். மாலதி ஒன்று விடாமல் சொன்னாள். பனியன், வெளுத்த திட்டு, பிலோமியின் பொய், வேலாமணியின் சாட்சி எல்லாம். சொல்லும்போதே அவளுக்குப் பெருமையாக இருந்தது. போலீஸ்காரன் பெண்டாட்டி மாதிரி அல்லவா துப்புத் துலக்கியிருக்கிறாள்!

ஒச்சப்பன் கையை நெருப்பிலிருந்து எடுத்தான்.

“அப்ப அவளுக புருசனுக யாரும் வரலையா?”

“யாரும் வரல. அதான் சொல்றேன், வேற எவனோ ஒருத்தன்...”

“தபித்தாளு புருசனும் வரல?”

“வரலீங்கறேன்.”

“பனியனப் பாத்துட்டு, வந்துட்டான்னு நெனச்சுத்தான நான்...” என்றவன் அதற்கு மேல் சொல்லவில்லை. ஒரு சிரிப்புச் சிரித்தான். அந்தச் சிரிப்பு மாலதிக்குப் பிடிக்கவில்லை. யாரோ ஒரு ஆள் ஒளிந்திருக்கிறான் என்று அவள் தொண்டை வறளச் சொல்கிறாள், இவன் அந்த ஆள் யார் என்றே கேட்கவில்லையே? கேட்டதெல்லாம் புருஷன்மார் வந்தார்களா இல்லையா என்றுதான். ஏன்? கேள்வி வந்தது. வந்த வேகத்தில் அதை மிதித்து உள்ளே தள்ளிவிட்டாள். கட்டின புருஷனைப் பற்றி எவள் அப்படி நினைப்பாள்?

“இதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ வாயத் தொறக்காத” என்று சொல்லிவிட்டு அவன் மப்ளரைச் சுற்றிக்கொண்டான்.

வாயைத் திறக்காமல் இருக்கலாம், கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? மறுநாள் மத்தியானம் மூடுபனி இறங்கி லைனையே விழுங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக் கூரை தெரியவில்லை. மாலதி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, விறகு பொறுக்குகிற சாக்கில் தபித்தாள் வீட்டு வாசலுக்குப் பக்கவாட்டில் போய் நின்றாள். கவாத்துச் செய்ய ஆளில்லாமல் தேயிலைச் செடிகள் அங்கே ஆள் உயரத்துக்கு மரமாகி நின்றன. உள்ளே நின்றால் யாருக்கும் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் பேச்சியக்கா வந்தாள். சால்வைக்குள் எதையோ அணைத்துக்கொண்டு வந்தவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதை வெளியே எடுத்தாள். அந்த மஞ்சள் பனியன்தான். தபித்தாள் ஒரு பக்கெட் தண்ணீரோடு வெளியே வந்தாள். பனியன் காய்ந்துதான் இருந்தது, அழுக்கும் இல்லை. அதைத் தண்ணீரில் முக்கி, பிழிந்தும் பிழியாமலும் கொடியில் போட்டாள்.

“முன்னுக்கு இழுத்துப் போடு, பாதைக்குத் தெரியணும்” என்றாள் பேச்சி. “நாளைக்குப் பிலோமிக்கு வேணுமாம். ஒரே பனியன வெச்சுக்கிட்டு எத்தன ஊட்டுக்கு ஆம்பள காட்றது? உம் புருசன் கிட்ட போன்ல சொல்லி இன்னொண்ணு அனுப்பச் சொல்லு.”

“எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றதுங்கக்கா?” என்றாள் தபித்தாள். பேச்சி சால்வையை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டாள்.

மாலதி இலைகளை விலக்கி இன்னொரு தடவை பார்த்தாள். ஆளே இல்லை. வெறும் பனியன். ஆள் இருக்கிறான் என்று காட்டுவதற்காகத் தொங்கவிடுகிற பனியன். யாருக்குக் காட்ட? யாருக்குப் பயந்து?

பாதையில் தடி தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு இருமல். இருபது வருஷமாக அவள் பக்கத்தில் படுத்து இருமுகிற இருமல் அது.

ஒச்சப்பன் பனிக்குள்ளிருந்து வந்தான். கொடியில் தொங்கிய பனியனைப் பார்த்தான். தடியின் முனையால் அதைத் தூக்கி எடுத்துச் சிரித்தான்.

“என்ன தபித்தாளு, ஊட்டுக்காரன் வந்திருக்கானாட்ட? கூப்புடு, ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன்.”

தபித்தாள் கதவைச் சாத்தப் பார்த்தாள். தடி நடுவில் வந்துவிட்டது.

“அண்ணா, புள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரமுங்க.”

“வரட்டும். பாதுகாப்புக்குத்தான வந்திருக்கேன்? ஒரு டீ போடு. உக்காந்து குடிச்சுட்டுப் போறேன்.”

“வேண்டாமுங்கண்ணா.”

“எஸ்டேட் கொழுந்த யாரு திருடி ஏஜெண்டுக்குப் போடறாங்கன்னு எஸ்ஸையி கேட்டாரு. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. சொல்லட்டுமா?” அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினான். அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டுப் பழக்கமில்லாதவளாக அல்ல, போட்டுப் பிரயோஜனமில்லை என்று தெரிந்தவளாக நின்றாள்.

மாலதிக்கு ஓடிப்போய் அவன் மப்ளரைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது, ஆனால் ஓட முடியவில்லை. தொண்டையைத் திறந்து, அப்போதுதான் வருகிறவள் மாதிரி, “தபித்தாளு! ஏ தபித்தாளு! ஒரு சொம்பு உப்புத் தர்றியா?” என்று கத்தினாள். உப்பைச் சொம்பில் யார் கேட்பார்கள்? வாயில் வந்தது அதுதான்.

ஒச்சப்பன் கையை விட்டுவிட்டான். “ரோந்துக்கு வந்தேன். உனக்கு இங்க என்ன சோலி?” என்று மாலதியை முறைத்துவிட்டுப் போனான். பனியன் சேற்றில் கிடந்தது.

தபித்தாள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே மாலதியைப் பார்த்தாள். நன்றி இல்லை அந்தப் பார்வையில். “பனியன் விசயம் அவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு இப்பத்தான் வெளங்குதுங்க. வேலாமணி மாமா சொன்னாரு, நீங்க வந்து விசாரிச்சீங்கன்னு” என்றாள். உப்பைப் பற்றிக் கேட்கவும் இல்லை, தரவும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து கூட்டத்து நாள் வரைக்கும் மாலதி அவனுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேசவில்லை. பேசாததை அவன் கவனிக்கவும் இல்லை. ராத்திரி கண்ணை மூடினால் ஒரு பக்கம் மகள் ஹாஸ்டல் வாசலில் பெட்டியோடு நிற்பாள், இன்னொரு பக்கம் தபித்தாள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்பாள். இந்த ஆளின் சம்பளத்தில் என் பிள்ளை படித்து எதைக் கிழிக்கப் போகிறது என்று ஒரு நேரம் தோன்றும். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆள் கோத்தகிரிக்கே போய்விடுவான், லைனுக்கும் நிம்மதி என்று மறு நேரம் தோன்றும். போவானா? வேலை முடிந்து சாயங்காலம் இங்கேதானே வருவான், அதுவும் போலீஸ் அட்டையோடு?

கூட்டத்துக்கு சப்-இன்ஸ்பெக்டர் இந்தத் தடவை ஒரு பெண் போலீசையும் கூட்டி வந்திருந்தார். ராஜப்ரியா என்று பெயர், கோயம்புத்தூர்ப் பெண், சின்ன வயசு. ஆண்கள் மைதானத்தில் உட்கார்ந்தார்கள். பெண்களை அவள், முன்பு கைக்குழந்தைகளை விட்டுவைத்த பழைய கிரெச் கட்டடத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

“ஆம்பளைங்க முன்னாடி சொல்ல முடியாதது இருக்கும்னுதான் தனியா கூப்ட்டேனுங்க. உங்களுக்கு எதப் பாத்து நெம்ப பயம்? அதத்தான் மொதல்ல கவனிப்போம்.”

“கொரங்குங்க” என்றாள் ஒருத்தி.

“காட்டெருமைங்க. குழாயடிக்கே வருது.”

“வளைவுல லைட்டு எரியறதில்லீங்க.”

ஒவ்வொருத்தியும் சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் மாலதியைப் பார்த்தாள். குழாயடியில் எதனால் பேச்சு நின்றது என்று மாலதிக்கு இப்போது விளங்கியது. அவள் இருக்கிற இடத்தில் ஒச்சப்பனும் இருந்தான். அவள் காது அவன் காது. அடக் கடவுளே, இத்தனை நாள் இவளுகள் எதையோ ஒளிக்கிறார்கள் என்று திரிந்தேனே!

அவள் எழுந்து நின்றாள்.

“எங்க ஊட்டுக்காரரப் பாத்துத்தானுங்க பயம். ஆம்பள இல்லாத ஊட்டுக் கதவத் தட்டறாரு. உள்ள வர்றாரு. கையப் புடிக்கறாரு.”

ராஜப்ரியா மற்றவர்களைப் பார்த்தாள். “நெசமாங்க?”

பிலோமிதான் முதலில் வாயைத் திறந்தாள். “அய்யய்யோ! அண்ணன் தங்கமானவருங்க. அவருனாலதான் நாங்க பயமில்லாம இருக்கறோம்.”

“ஆமாங்க” என்றாள் இன்னொருத்தி.

“புருசன் பொஞ்சாதி சண்டையெல்லாம் இங்க கொண்டாராத மாலதி” என்றாள் பேச்சியக்கா.

மாலதி தபித்தாளைப் பார்த்தாள். தபித்தாள் மணிக்கட்டைச் சேலைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அப்போதுதான் மாலதிக்கு உறைத்தது. இவர்கள் அவளை நம்பவில்லை. பனியனைக் காட்டிக்கொடுத்தவள் இப்போது புருஷனைத் திட்டுகிறாள் என்றால் அவன் அனுப்பித்தான் திட்டுகிறாள், யார் வாயைத் திறக்கிறார்கள் என்று பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைக்கிறார்கள். நினைக்கமாட்டார்களா பின்னே? அவளே அவர்கள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

மூடின கதவுக்குள் என்ன சொன்னாலும் எடுபடாது. மாலதி கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தாள்.

மைதானத்தில் ஒச்சப்பன் சலவைச் சட்டையில் நின்றான். சப்-இன்ஸ்பெக்டர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தார். மாலதி இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றாள்.

“அதக் குடுக்காதீங்க அய்யா.”

“ஏம்மா?”

“இவருதானுங்க அய்யா பயம். இந்த லைன்ல எந்த வெளியாளும் இல்ல. புருசன் ஊருக்குப் போன வீடாப் பாத்துக் கதவத் தட்டறாரு. தொறக்காட்டி, கொழுந்து திருடறாங்கன்னு உங்ககிட்டச் சொல்லிருவேன்னு மெரட்டறாரு. தபித்தாளு கையத் திருப்புனத நான் என் கண்ணால பாத்தேன்.”

“ஏய்!” என்றான் ஒச்சப்பன். “பைத்தியமாடி புடிச்சிருக்கு உனக்கு?”

சப்-இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். “யோசிச்சுப் பேசும்மா. பேங்க்ல நான் பேசி வெச்சுட்டேன். உங்க குடும்பம்மா இது.”

“தெரியுமுங்க. எம் புள்ள ஹாஸ்டல விட்டு வந்துரும். அதுவும் தெரியுமுங்க.” மாலதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கண்ணைத் துடைக்கவில்லை. “பாவம், அவளுக பனியனத் தொங்கவிட்டு ஆம்பள இருக்கற மாதிரி காட்டித் தப்பிச்சிட்டு இருந்தாளுக. அவளுக புருசன் யாரும் வரலன்னு இவர்கிட்டச் சொன்னதே நாந்தானுங்க. வேலை கெடைக்கணும்னு வேவு பாத்துச் சொன்னேன். என்னையும் சேத்து எழுதிக்கங்க.”

ஒச்சப்பன் தடியை ஓங்கினான். இத்தனை பேர் நடுவில், போலீஸ் முன்னால், ஓங்கியே விட்டான். சப்-இன்ஸ்பெக்டர் அவன் கையைப் பிடித்துத் தடியை வாங்கினார்.

கிரெச் வாசலில் பெண்கள் வந்து குவிந்திருந்தார்கள். முதலில் தபித்தாள் படியிறங்கினாள். நேராக ராஜப்ரியாவிடம் போய்ச் சேலையை விலக்கி மணிக்கட்டைக் காட்டினாள். அது கருநீலமாக வீங்கியிருந்தது. பிலோமி அவள் பின்னால் வந்து, “எங்க ஊட்டுத் தாழ்ப்பாள ஒடச்சிட்டாருங்க, வந்து பாருங்க” என்றாள். அப்புறம் எல்லாருமே ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். சப்-இன்ஸ்பெக்டருக்கு எதை முதலில் கேட்பது என்று தெரியவில்லை. அட்டையை மடித்துத் தன் பாக்கெட்டிலேயே போட்டுக்கொண்டார்.

ஒச்சப்பனை ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். விசாரித்துவிட்டு அனுப்புவோமா, வைத்துக்கொள்வோமா, அதெல்லாம் அங்கே போய்த்தான் என்றார்கள். ஏறும்போது அவன் மாலதியின் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னான்.

“திரும்பி வருவன்ல? நீ தனியாத்தான கெடப்ப? அப்ப வந்து தட்றேன்.”

ஜீப் வளைவில் மறைகிற வரைக்கும் மாலதி அசையாமல் நின்றாள். குளிர் எடுத்தது. இந்த லைனில் இத்தனை நாள் மற்ற பெண்கள் உள்ளே உட்கார்ந்து தடிச் சத்தத்தைக் கேட்டுப் பட்ட பயம் என்னவென்று அவள் உடம்புக்குத் தெரிந்தது.

பேச்சியக்கா வந்து பக்கத்தில் நின்றாள்.

“என்ன சொல்லிட்டுப் போறான்?”

“வந்து கதவத் தட்டுவானாமுங்கக்கா.”

பேச்சியக்கா தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“தட்டட்டும். நீ எங்கூட வந்து படு. பிலோமியும் வருவா, தபித்தாளும் வருவா. அவன் தட்டற அன்னிக்கு நாம அத்தன பேரும் சேந்தே போய்க் கதவத் தெறப்போம்.”